கேம் சேகரிப்புக்குப் பட்டியல் போட எந்த மென்பொருள்? மதுரை நண்பர்கள் கேட்கும் கேள்விகளும் என் பதில்களும்

திருநகரில் எங்கள் வீட்டு மாடி அறையில் இருக்கும் பழைய ஸ்டீல் பீரோ முழுக்க கேம்கள்தான். சின்ன வயதில் டிவியில் மாட்டி விளையாடிய கேசட், கேம் சென்டர் காலத்து பிளேஸ்டேஷன் 2 (பிஎஸ்2) சிடி, இப்போதைய ப்ளூ-ரே டிஸ்க் எல்லாம் இருக்கின்றன. கம்ப்யூட்டரில் ஸ்டீம், எபிக் என்ற ஆன்லைன் கேம் கடைகளின் கணக்குகளில் கிடப்பவை தனி. எல்லாம் சேர்த்து 640 சொச்சம். இதற்குப் பட்டியல் வைத்திருக்கிறேன் என்று தெரிந்ததும் அண்ணா நகர், சிம்மக்கல், திருமங்கலம் என்று பல பக்கத்திலிருந்தும் தம்பிகள் வந்து கேட்கிறார்கள். அடிக்கடி வரும் கேள்விகளை இங்கே எழுதிவைக்கிறேன்.

அண்ணே, நம்மகிட்ட இருக்கிறது நமக்குத் தெரியாதா? பட்டியல் எதுக்கு?

ஐம்பது அறுபது கேம் வரை தெரியும். அதைத் தாண்டினால் தெரியாது. டவுன் ஹால் ரோட்டில் ஒரு கடையில் பழைய பிஎஸ்2 சிடிக்களைக் குவித்துப் போட்டிருந்தார்கள். கிளறியபோது கிரிக்கெட் 07 கிடைத்தது, மேனுவல் புத்தகத்தோடு. 350 ரூபாய் கொடுத்து ஆசையாக வாங்கி வந்தேன். பீரோவில் வைக்கப் போனால், பின் வரிசையில் அதே கேம், அதே அட்டை, அதுவும் மேனுவலோடு. வாங்கி இரண்டு வருடம்தான் ஆகியிருந்தது. அன்று சாயங்காலமே உட்கார்ந்து எழுத ஆரம்பித்தேன்.

கடையில் நிற்கும்போது “இது நம்மிடம் இருக்கிறதா” என்று பார்க்க வேண்டும். வீட்டில் “அது எங்கே இருக்கிறது” என்று பார்க்க வேண்டும். “யார் வாங்கிக்கொண்டு போனது” என்பதற்கும் பதில் வேண்டும். மென்பொருளைத் தேடுவதற்கு முன்னால், இந்த மூன்றில் எது உங்களை அதிகம் படுத்துகிறது என்று யோசித்துக்கொள்ளுங்கள். பாதித் தேர்வு அங்கேயே முடிந்துவிடும்.

சுற்றி வளைக்காமல் ஒரே ஒரு பெயர் சொல்லுங்கள்.

எல்லாம் டப்பாவோடு இருக்கும் கேம்கள் என்றால் சிஎல்இசட் கேம்ஸ் அல்லது கேம்ஐ. எல்லாம் கம்ப்யூட்டரில் டவுன்லோட் செய்தவை என்றால் பிளேநைட். இரண்டும் கலந்து கிடந்தால், என்னைப் போல, ஒரு விரிதாளைத் தாய்ப் பட்டியலாக வைத்துக்கொண்டு மற்றதை அதற்குத் துணையாக வையுங்கள்.

அப்போ எக்செல்லே போதுமா?

போதும். எக்செல், லிப்ரே ஆஃபீஸ் கால்க், கூகுள் ஷீட்ஸ் எதுவானாலும் சரி. அட்டைப் படம் தானாக வராது, பெயரை நாமே அடிக்க வேண்டும். ஆனால் பட்டியல் முழுக்க நம் கையில் இருக்கும். ஆயிரம் கேம் வரை ஒரு சிரமமும் இல்லை.

எக்செல்லில் ஒரு ஆபத்து உண்டு. அது பார்கோடு எண்ணில்தான் வரும். டப்பாவின் பின்பக்கம் இருக்கும் 13 இலக்கத்தை அப்படியே அடித்தால், எக்செல் அதை ஒரு தொகை என்று நினைத்து 8.90இ+12 என்று சுருக்கிக் காட்டும். அதே நிலையில் சிஎஸ்வி ஃபைலாக (பட்டியலை வெறும் எழுத்தாக வைக்கும் வகை) சேமித்தால் கண்ணுக்குத் தெரியும் அந்தச் சுருக்கம்தான் சேமிப்பாகும். மீதி இலக்கங்கள் போனது போனதுதான். அமெரிக்க டிஸ்க்குகளில் இன்னொரு வம்பு: எண் பூஜ்யத்தில் தொடங்கினால் முன்னால் இருக்கும் பூஜ்யத்தை எக்செல் தூக்கிவிடும். ஒரு முழு ஞாயிற்றுக்கிழமை அடித்த 90 எண்களை நான் இப்படித்தான் இழந்தேன். அதனால் எண்களை அடிக்கும் முன்பே அந்தப் பத்தி (நெடுவரிசை) முழுவதையும் தேர்ந்தெடுத்து ‘டெக்ஸ்ட்’ என்று மாற்றிவிடுங்கள். கூகுள் ஷீட்ஸில் அதற்குப் பெயர் ‘ப்ளெயின் டெக்ஸ்ட்’.

தமிழில் குறிப்பு எழுதுகிறவர்களுக்கு இன்னொன்று. சிஎஸ்வி ஃபைலை எக்செல்லில் இரட்டைச் சொடுக்கில் திறந்தால் சில நேரம் தமிழ் எழுத்துகள் கோணல்மாணலாகத் தெரியும். ஃபைல் கெட்டுவிட்டது என்று பதறி அதன் மேலேயே சேமித்துவிடாதீர்கள். மூடிவிட்டு, டேட்டா மெனு வழியாக உள்ளே கொண்டுவந்து எழுத்துமுறைக்கு ‘யுடிஎஃப்-8’ என்று தேர்ந்தெடுங்கள், சரியாக வந்துவிடும். லிப்ரே ஆஃபீஸ் திறக்கும்போதே எந்த எழுத்துமுறை என்று கேட்கும்.

பார்கோடு ஸ்கேன் செய்தால் எல்லாம் தானாக வந்துவிடும் என்கிறார்களே?

வரும். ஆனால் நம் ஊர் டப்பாக்களுக்கு அவ்வளவு லேசில் வராது. ஆப்பின் பின்னால் ஒரு தரவுத்தளம் இருக்கிறது. அதில் யாராவது அந்த எண்ணை ஏற்றியிருந்தால்தான் பெயரும் படமும் வரும். அமெரிக்கப் பதிப்பு என்றால் சட்டென்று வந்துவிடும், ஐரோப்பியப் பதிப்பும் பெரும்பாலும் வரும். இந்தியாவில் மட்டும் வந்த பதிப்பு என்றால் கையால் அடிக்கத் தயாராக இருங்கள்.

சிலர் ஒரே கேமை இரண்டு முறை பதிந்துவிடுவதற்குக் காரணம் இந்த எண்ணின் அமைப்புதான். அமெரிக்காவில் 12 இலக்கம், மற்ற பெரும்பாலான நாடுகளில் 13 இலக்கம். அந்த 12 இலக்க எண்ணுக்கு முன்னால் ஒரு பூஜ்யம் போட்டால் அதுவே 13 இலக்க எண். ஒரு ஸ்கேனர் பூஜ்யத்தோடு காட்டும், இன்னொன்று இல்லாமல் காட்டும். பட்டியல் இரண்டையும் வேறு வேறு என்று எடுத்துக்கொள்ளும். எப்போதும் 13 இலக்கமாக எழுதுவது என்று ஒரு வழக்கம் வைத்துக்கொண்டால் இந்தத் தொல்லை இல்லை.

கையால் அடிக்கும்போது தப்பு வராமல் இருக்க ஒரு வழி சொல்கிறேன். கடைசி இலக்கம் சோதனைக்காக வைத்தது. 8901234567890 என்று ஒரு மாதிரி எண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். கடைசி இலக்கத்தை விட்டுவிட்டு, இடமிருந்து ஒற்றைப்படை இடங்களில் இருப்பதை அப்படியே கூட்டினால் 8, 0, 2, 4, 6, 8, ஆக 28. இரட்டைப்படை இடங்களில் 9, 1, 3, 5, 7, 9, ஆக 34. அதை மூன்றால் பெருக்கினால் 102. இரண்டும் சேர்ந்து 130. அடுத்த பத்தின் மடங்கை எட்ட எவ்வளவு வேண்டுமோ அதுதான் கடைசி இலக்கம். இங்கே 130 ஏற்கெனவே பத்தின் மடங்கு, அதனால் 0. விரிதாளில் ஒரு சூத்திரமாக இதைப் போட்டுவிட்டால், தப்பாக அடித்த எண் அநேகமாக உடனே தெரிந்துவிடும்.

890 என்று தொடங்கினால் அந்த எண் இந்தியாவில் பதிவானது. பதிவு எந்த நாட்டில் என்பதை மட்டும்தான் அது சொல்லும். டிஸ்க் எங்கே அச்சானது என்பதை அதை வைத்துச் சொல்ல முடியாது.

என் டப்பாவில் பார்கோடு மேலேயே எம்.ஆர்.பி. ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறது. பிய்த்துவிடலாமா?

தயவுசெய்து பிய்க்காதீர்கள். அந்த ஸ்டிக்கரில் இறக்குமதி செய்தவர் பெயரும் விலையும் இருக்கும். இந்தக் கேம் நம் நாட்டுக்கு எந்த வழியாக, என்ன விலைக்கு வந்தது என்பதற்கு மிஞ்சியிருக்கும் சாட்சி அதுதான். ஒரு போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

பார்கோடு கிடைக்காவிட்டால் டிஸ்க்கிலும் டப்பாவின் முதுகிலும் பொடி எழுத்தில் இருக்கும் எண்ணைப் பாருங்கள். பிஎஸ்2 கேம்களில் ஐரோப்பியப் பதிப்பு எஸ்எல்இஎஸ் அல்லது எஸ்சிஇஎஸ் என்று தொடங்கும். அமெரிக்கப் பதிப்பு எஸ்எல்யூஎஸ் அல்லது எஸ்சியூஎஸ். ஜிடிஏ சான் ஆண்ட்ரியாஸ் ஐரோப்பியப் பதிப்பு என்றால் எஸ்எல்இஎஸ்-52541, அமெரிக்கப் பதிப்பு என்றால் எஸ்எல்யூஎஸ்-20946. பார்கோடு அட்டையோடு போய்விடும், இந்த எண் டிஸ்க்கிலேயே அச்சாகியிருக்கும். டப்பா தொலைந்த சிடிக்களுக்கு இதுதான் கதி. நான் பார்கோடைவிட இதைத்தான் அதிகம் நம்புகிறேன்.

கேம்ஐ, சிஎல்இசட் கேம்ஸ் இரண்டில் எது?

முதலில் கேம்ஐயைப் போட்டுப் பாருங்கள். இலவசமாகத் தொடங்கலாம். டிஸ்க் மட்டும் இருக்கிறதா, டப்பாவும் மேனுவலும் சேர்ந்து இருக்கிறதா என்று பிரித்துக் குறிக்கலாம். சேகரிப்பவர்களின் மனம் தெரிந்து செய்தது.

சிஎல்இசட் கேம்ஸ் நெதர்லாந்து நிறுவனம் நடத்துவது. சந்தா கட்ட வேண்டும். பார்கோடின் மேல் போனைக் காட்டிக்கொண்டே போனால் வரிசையாகச் சேர்ந்துகொண்டே போகும், வேகம் நன்றாக இருக்கும். 300, 400 டப்பாக்களை ஒரே மூச்சில் ஏற்ற நினைப்பவர்கள் சந்தா கட்டி அந்த வேலையை முடிக்கலாம். முடித்த அன்றே பட்டியலை வெளியே எடுத்து வைத்துக்கொள்ள வேண்டும்.

ஸ்டீமிலும் எபிக்கிலும் இருப்பதை எப்படிச் சேர்ப்பது?

ஸ்டீம் 2015 நவம்பரில் ரூபாயில் விற்கத் தொடங்கியதிலிருந்து தள்ளுபடி நேரத்தில் வாங்கிப் போட்டவை, எபிக் கடையில் இலவசமாக அள்ளியவை எல்லாம் சேர்ந்து பலருக்கு என்ன இருக்கிறது என்றே தெரியாத நிலை. இதற்கு பிளேநைட்டை மிஞ்ச ஆள் இல்லை. விண்டோஸில் மட்டும் ஓடும். இலவசம், மூல நிரலும் திறந்தே இருக்கிறது. ஸ்டீம், எபிக், ஜிஓஜி, இஏ, யுபிசாஃப்ட், எக்ஸ்பாக்ஸ் என்று எல்லாக் கணக்கிலும் உள்நுழைந்துவிட்டால் ஒரே திரையில் கொண்டுவந்து காட்டும். தகவல் நம் கம்ப்யூட்டரிலேயே இருக்கும். பேக்கப் எடுக்கும் வசதி உள்ளேயே இருக்கிறது. பட்டியலை விரிதாளுக்குக் கொண்டுபோக மட்டும் தனியாக ஒரு ஆட்-ஆன் போட்டுக்கொள்ள வேண்டும்.

டப்பா கேம்களையும் இதில் கையால் சேர்க்கலாம். ஆனால் பார்கோடு ஸ்கேன் கிடையாது, பீரோவில் எந்தத் தட்டு என்று எழுதவும் தோதான இடம் இல்லை, டேக் போட்டுத்தான் சமாளிக்க வேண்டும். பழைய கன்சோல் கேம்களைக் கம்ப்யூட்டரில் ஓட்டும் எமுலேட்டரில் விளையாடுகிறவர்களுக்கு லான்ச்பாக்ஸ் நன்றாக இருக்கும். கம்ப்யூட்டர் என்றால் அதுவும் விண்டோஸுக்குத்தான்.

லினக்ஸ் வைத்திருக்கிறேன். எனக்கு என்ன?

டெலிகோ. இதைப் பற்றி நம் பக்கத்தில் யாரும் பேசாதது எனக்கு வருத்தம். லினக்ஸுக்கு மென்பொருள் செய்யும் கேடிஇ குடும்பத்தைச் சேர்ந்த இலவச மென்பொருள். புத்தகம், பழைய காசு, தபால்தலை எல்லாவற்றுக்கும் பட்டியல் போடும், அதில் வீடியோ கேமும் ஒரு வகை. ஐஜிடிபி, மோபிகேம்ஸ் போன்ற தரவுத்தளங்களிலிருந்து விவரம் இழுத்துக்கொள்ளும். நமக்கு வேண்டிய பத்திகளை நாமே உண்டாக்கிக்கொள்ளலாம். யாருக்கு இரவல் கொடுத்தோம், எப்போது திரும்ப வர வேண்டும் என்று குறிக்கவும் வசதி உண்டு. அதன் ஃபைல் வெறும் ஸிப் கட்டுதான், பிரித்துப் பார்த்தால் உள்ளே எக்ஸ்எம்எல் எழுத்தில் முழுப் பட்டியலும் படிக்கிற மாதிரி இருக்கும். பத்து வருடம் கழித்து டெலிகோவே இல்லாமல் போனாலும் ஒரு சாதாரண நோட்பேடில் திறந்து படிக்கலாம். இப்படிப்பட்ட மென்பொருளுக்குத்தான் நம் உழைப்பைக் கொடுக்க வேண்டும்.

ஆப்பை மூடிவிட்டால் என் பட்டியல் என்ன ஆகும்?

எனக்கு நடந்தது. முதன்முதலில் நான் வைத்திருந்தது ஒரு போன் ஆப். பெயர் வேண்டாம். 410 கேம் ஏற்றியிருந்தேன். ஒவ்வொன்றுக்கும் எங்கே வாங்கினேன், யாரோடு விளையாடினேன் என்று ஒரு வரி எழுதியிருந்தேன். ஒருநாள் திறந்தால் சுழன்றுகொண்டே இருந்தது. நெட் பிரச்சினை என்று நினைத்து இரண்டு நாள் விட்டேன். அப்புறம் பார்த்தால் சர்வரையே நிறுத்திவிட்டார்கள். மூடப்போகிறோம் என்று மெயில் அனுப்பியிருக்கிறார்கள், அது நான் பார்ப்பதையே விட்டுவிட்ட பழைய முகவரிக்குப் போயிருக்கிறது. கேம் பெயர்களைத் திரும்ப ஏற்றிவிடலாம், ஏற்றினேன். அந்த ஒருவரிக் குறிப்புகள் திரும்பி வரவில்லை. எங்கள் சித்தப்பா துபாயிலிருந்து வந்தபோது வாங்கி வந்த முதல் ஒரிஜினல் டிஸ்க் பற்றி அதில் என்ன எழுதினேன் என்பது இன்றைக்கு எனக்கு நினைவில்லை. சித்தப்பாவும் இப்போது இல்லை.

ஆகவே எந்த மென்பொருளைப் பார்த்தாலும் நான் செய்யும் முதல் சோதனை இதுதான். மூன்று கேமை மட்டும் ஏற்றுவேன். ஒன்றுக்குத் தமிழில் குறிப்பு எழுதுவேன், ஒன்றுக்குப் பூஜ்யத்தில் தொடங்கும் பார்கோடு கொடுப்பேன், ஒன்றை இரவல் என்று குறிப்பேன். உடனே எக்ஸ்போர்ட் செய்து கம்ப்யூட்டரில் திறப்பேன். மூன்றும் விவரம் குறையாமல் வெளியே வந்ததா? வந்தால் நாலாவது கேமை ஏற்றுவேன். எக்ஸ்போர்ட் பட்டனே இல்லை என்றாலோ, பெயர் மட்டும் வந்து குறிப்பு வரவில்லை என்றாலோ, எவ்வளவு அழகான ஆப்பாக இருந்தாலும் அழித்துவிடுவேன். உள்ளே ஏற்றுவது எவ்வளவு சுலபம் என்று எல்லா ஆப்பும் விளம்பரம் செய்யும். வெளியே எடுப்பதை நாம்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

மாதம் ஒருமுறை எக்ஸ்போர்ட் செய்து ஒரு பென்டிரைவிலும், ஆன்லைன் சேமிப்பிலும் போட்டுவையுங்கள். நான் அமாவாசைக்கு அமாவாசை செய்கிறேன், மறப்பதில்லை.

என்னென்ன விவரம் எழுத வேண்டும்?

முதல் பத்தி வரிசை எண். நூலகத்தில் புத்தகம் வந்ததும் பதிவேட்டில் ஏற்றி ஒரு சேர்க்கை எண் போடுவார்கள் பாருங்கள், அதேதான். 0001இல் தொடங்கி வாங்கிய வரிசையில் ஓடும். கேமை விற்றுவிட்டாலும் அந்த எண்ணை இன்னொன்றுக்குக் கொடுப்பதில்லை. பென்சிலால் ஒரு சின்னத் துண்டுத் தாளில் எழுதி டப்பாவுக்குள் வையுங்கள், டிஸ்க்கின் மேல் எதையும் எழுதவோ ஒட்டவோ வேண்டாம். போட்டோக்களுக்கும் அதே எண்தான் பெயர். ஆப் மாறினாலும் பீரோ மாறினாலும் இந்த எண் மாறாது. எல்லாவற்றையும் கட்டிப்போடும் கயிறு இதுதான்.

என் பட்டியலில் ஒரு வரி இப்படி இருக்கும்:

0212 | கிரிக்கெட் 07 | பிஎஸ்2 | ஐரோப்பியப் பதிப்பு | டப்பா, டிஸ்க், மேனுவல் மூன்றும் உண்டு | டிஸ்க்கில் இரண்டு மெல்லிய கீறல், ஓடுகிறது | பீரோ தட்டு 3, பின் வரிசை | ரூ. 350 | டவுன் ஹால் ரோடு | இரண்டாவது பிரதி, மாப்பிள்ளைக்குக் கொடுக்கலாம்

அதற்குமேல் ஆசைப்பட வேண்டாம். கதாசிரியர், இசையமைப்பாளர், வெளியீட்டு தேதி எல்லாம் எந்தத் தரவுத்தளத்திலும் கிடைக்கும். உங்கள் பிரதியில் கீறல் எங்கே இருக்கிறது என்பதை நீங்கள் எழுதினால்தான் உண்டு.

பெயர் எழுதும் முறையில் மட்டும் ஒரே பழக்கம் வேண்டும். ஃபிஃபா 07 என்று ஒரு இடத்திலும் ஃபிஃபா 2007 என்று இன்னொரு இடத்திலும் எழுதினால் தேடும்போது பாதிதான் கிடைக்கும். ரோமன் எண்ணில் வரும் பாகங்களை எண்ணாகவே எழுதிவிடுங்கள், வரிசை கெடாது.

ரீஜன் என்று ஒரு பத்தி எதற்கு?

கேம் எந்த நாட்டுப் பகுதிக்கான பதிப்பு என்பதுதான் ரீஜன். காசு வீணாகாமல் இருக்க அதை எழுத வேண்டும். பிஎஸ்2 காலத்தில் ரீஜன் பூட்டு கடுமை. நம் நாட்டில் முறையாக விற்ற பிஎஸ்2 ‘பால்’ (PAL, ஐரோப்பிய டிவி முறை) வகை, அதில் அமெரிக்க டிஸ்க் நேராக ஓடாது. பிஎஸ்3 வந்த பிறகு ஏறக்குறைய எந்த நாட்டு கேம் டிஸ்க்கும் ஓடும் என்றாகிவிட்டது. அதனால் பலர் இந்தப் பத்தியே வேண்டாம் என்கிறார்கள். அங்கேதான் ஏமாறுகிறோம். டிஸ்க் ஓடும், ஆனால் அதற்கான கூடுதல் பாகங்களை ஆன்லைனில் வாங்கினால், டிஸ்க் எந்த ரீஜனோ அதே ரீஜன் கடையில் வாங்கியதுதான் பொதுவாகச் சேரும். அமெரிக்காவிலிருந்து அக்கா மகன் கொண்டுவந்த டிஸ்க்குக்கு இந்தியக் கணக்கில் கூடுதல் பாகம் வாங்கிவிட்டுச் சேரவில்லை என்று கே.கே. நகர் தம்பி ஒருவர் வந்து நின்றார். டப்பா முதுகில் இருக்கும் எண்ணை முன்பே எழுதி வைத்திருந்தால் பார்த்திருக்கலாம்.

கேம் சென்டர் காலத்து காப்பி சிடிக்களையும் ஏற்றலாமா?

ஏற்றுங்கள், ‘காப்பி’ என்று தெளிவாகக் குறித்து ஏற்றுங்கள். மணிக்கணக்குக்குக் காசு கொடுத்து விளையாடிய தலைமுறை நாம். அந்தக் காலத்தில் கையில் கிடைத்தது அதுதான். அது நம் நினைவின் பகுதி. விற்பதோ ஒரிஜினல் என்று சொல்லி மாற்றிக்கொள்வதோ மட்டும் கூடாது.

எது காப்பி என்று சந்தேகம் வந்தால் டிஸ்க்கைத் திருப்பி ஜன்னல் வெளிச்சத்தில் பிடியுங்கள். ஒரிஜினல் பிஎஸ்1 டிஸ்க்கின் அடிப்பக்கம் கறுப்பாக இருக்கும். பிஎஸ்2வில் டிவிடியாக வந்தவை வெள்ளி நிறம், சிடியாக வந்தவை நீலம். வீட்டில் எரித்த டிஸ்க் என்றால் ஊதாவோ பச்சையோ கலந்த சாயம் தெரியும், எழுதிய இடமும் எழுதாத இடமும் இரண்டு வளையமாகப் பிரிந்திருக்கும். ஆலையில் அச்சடித்த காப்பிகளும் உண்டு, அவற்றில் இந்த வளையம் தெரியாது. அப்போது நடுவளையத்தில் இருக்கும் பொடி எழுத்துகளையும் அட்டை அச்சின் கூர்மையையும் பார்க்க வேண்டியிருக்கும்.

“9999 இன் 1” கேசட்டை எப்படிப் பதிவது?

ஒரே கேசட், ஒரே வரிசை எண். உள்ளே மாறி மாறி வரும் பெயர்களை எல்லாம் எழுதினால் விடிந்துவிடும். வேறு வேறு கேம் எத்தனை என்று மட்டும் ஒருமுறை உட்கார்ந்து எண்ணிக் குறித்துவிடுங்கள். இந்த டிவி கேம் பெட்டிகள் நின்டெண்டோவின் ஜப்பானிய ஃபேமிகாம் கன்சோலைப் பார்த்துச் செய்தவை. கேசட்டில் 60 பின் இருக்கும், அதன் அமெரிக்க வடிவமான என்இஎஸ் கேசட்டில் 72. ஆப்பில் இவை அகப்படாது, கையால்தான் ஏற்ற வேண்டும். ஸ்டிக்கரின் படம் எடுக்கத் தவறாதீர்கள். அந்தப் பசை நம் ஊர் வெயிலில் உதிர்ந்துகொண்டே இருக்கிறது.

இரவல் கொடுத்தால் திரும்பி வருவதே இல்லை. மென்பொருள் உதவுமா?

ஓரளவு. விரிதாளில் ‘யாரிடம்’, ‘எப்போது’ என்று இரண்டு பத்தி போதும். கேமைக் கையில் கொடுக்கும்போதே, அவன் முன்னாலேயே போனில் பதியுங்கள். “என்ன மாமா, எழுதிக்கிறீங்களா?” என்று கேட்பான். கேட்கட்டும். எழுதிவைத்தது தெரிந்தால் பொங்கலுக்குள் திரும்பி வந்துவிடும்.

என் சேகரிப்பு எவ்வளவு பெறும்?

ப்ரைஸ்சார்ட்டிங் என்ற தளத்தைப் பார்த்துவிட்டு லட்சக்கணக்கில் மனக்கணக்கு போடுகிறார்கள். அது டாலரில் நடந்த விற்பனைகளை வைத்துச் சொல்லும் விலை. சிஎல்இசட் காட்டும் விலையும் அங்கிருந்துதான் வருகிறது. அமெரிக்கப் பதிப்புக்கும் ஐரோப்பியப் பதிப்புக்கும் விலை ரொம்பவே வேறுபடும். மதுரையில் வாங்க ஆள் இருக்கிறாரா என்பது அதைவிடப் பெரிய கேள்வி. வாங்கிய விலையையும் தேதியையும் எழுதுங்கள், உள்ளூரில் யாராவது விற்றால் அந்த விலையையும் பக்கத்தில் குறியுங்கள். இரண்டு வருடத்தில் உங்களிடமே ஒரு நம்பகமான விலைப்பட்டியல் இருக்கும்.

டிஸ்க் இருந்தால் கேம் இருக்கிறது என்றுதானே அர்த்தம்?

முன்பு அப்படி. இப்போது இல்லை. தி க்ரூ என்ற கார் ரேஸ் கேமின் சர்வரை யுபிசாஃப்ட் 2024 மார்ச் 31 அன்று நிறுத்தியது. டிஸ்க் வாங்கியவர்கள் கையில் இருப்பது இப்போது வெறும் தட்டு. 2025 ஜூனில் வந்த நின்டெண்டோ ஸ்விட்ச் 2க்கு கேம்-கீ கார்டு என்று ஒரு வகை விற்கிறார்கள். கார்டுக்குள் கேம் இல்லை, டவுன்லோட் செய்ய அனுமதி மட்டும்தான். அதனால் பட்டியலில் ‘நெட் இல்லாமல் ஓடுமா?’ என்று ஒரு பத்தி சேர்த்தேன். நெட்டை அணைத்துவிட்டு ஒருமுறை போட்டுப் பார்த்துக் குறிக்க வேண்டும். 2023 மார்ச் 27 அன்று 3டிஎஸ், வீ யூ என்ற இரண்டு கன்சோல்களின் ஆன்லைன் கடைகளையும் நின்டெண்டோ மூடியபோது, எதெல்லாம் டவுன்லோட் மட்டும் என்று முன்பே குறித்து வைத்திருந்தவர்கள் அவசரப்படாமல் எடுத்துவைத்துக்கொண்டார்கள்.

டவுன்லோட் கேம்களில் ஜிஓஜி கடையில் வாங்கியவற்றுக்கு மட்டும் தனி அடையாளம் போடுங்கள். அவற்றின் இன்ஸ்டாலரை ஹார்ட் டிஸ்க்கில் எடுத்து வைத்துக்கொள்ள விடுகிறார்கள்.

விளையாடி முடித்ததையும் இதிலேயே குறிக்கலாமா?

வேண்டாம், அதைத் தனியாக வையுங்கள். பேக்லாக்ட் என்ற தளம் அதற்கென்றே இருக்கிறது.

பட்டியலில் ஏற்றப் போனால் எந்தத் தரவுத்தளத்திலும் சரியான விவரம் கிடைக்காத இந்திய கேம்கள் இருக்கின்றன. என்ன செய்வது?

இந்தக் கேள்வியை யாராவது கேட்டால் எனக்கு அவ்வளவு சந்தோஷம். 2009இல் ஹைதராபாத் அரோனா நிறுவனம் செய்து பிஎஸ்2வில் வந்த ஹனுமான்: பாய் வாரியர், அதே வருடம் வந்த தேசி அட்டா, 2010இல் வந்த ஸ்ட்ரீட் கிரிக்கெட் சாம்பியன்ஸ். இவை நம் கடைகளில் மலிவாகக் கிடந்தபோது ஒருவரும் சீந்தவில்லை. தேசி அட்டாவில் கபடி விளையாடலாம், பட்டம் விடலாம். வேறு எந்த நாட்டுச் சேகரிப்பாளரிடமும் இவற்றை எதிர்பார்க்க முடியாது.

உங்கள் வீட்டுப் பரணில் இவற்றில் ஏதாவது இருந்தால், அட்டையின் முன்பக்கம், பின்பக்கம், முதுகு, டிஸ்க், எம்.ஆர்.பி. ஸ்டிக்கர் எல்லாவற்றையும் பகல் வெளிச்சத்தில், ஃபிளாஷ் போடாமல், தட்டையாக வைத்துப் படம் எடுங்கள். மோபிகேம்ஸில் ஒரு கணக்கு தொடங்கி, என்ன விவரம் குறைகிறது என்று பார்த்து அனுப்புங்கள். 1999இலிருந்து நடக்கும் தளம் அது, வாசகர்கள் அனுப்புவதைச் சரிபார்த்துச் சேர்த்துக்கொள்வார்கள். படம் சரியாக எடுக்க வரவில்லை என்றால் கேமை எடுத்துக்கொண்டு திருநகர் வாருங்கள். மாடியில் ஸ்கேனர் இருக்கிறது, ஞாயிற்றுக்கிழமை நான் வீட்டில்தான் இருப்பேன்.